கோட்டுக்கு வெளியே இரண்டு விரல்

அத்தியாயம் 14

போன வாரம் அளவு நோட்டிலிருந்து நழுவி விழுந்த கடிதத்தைப் பெரியவள் குனிந்து எடுத்தாள், பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் அதே பக்கத்தில் திருப்பி வைத்தாள். அந்த இடத்தில் விட்டிருந்தோம். "பார்த்தவள் ஏன் வாயைத் திறந்து கேட்கவில்லை?" என்று பாதிப் பேர் என் மேல் கோபமாக இருப்பீர்கள். நான் என்ன செய்ய? அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பேசாமல் ஒரு பிடி கூட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி. அண்ணன், தம்பி, அவர்கள் மனைவிமார் என்று நாலு பேர். மாடியில் வீடு, கீழே திரைச்சீலை தைக்கிற பட்டறை. மூத்தவர் போய் அளவெடுத்து வருவார், தைத்ததைத் தொங்கவிட்டு வருவார். பாதி நாள் ஏணி மேலேயே இருப்பதால் ஊரில் அவருக்கு ஏணி என்றே பெயர். அவர் மனைவி பெரியவள். கத்தரி அவள் கையில். தம்பி துணி வாங்குவான், வேன் ஓட்டுவான். அவன் மனைவி சின்னவள். வந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கிலீஷில் வருகிற கடிதங்களைப் படித்து, வேண்டிய அளவை நோட்டில் எண்ணாக எழுதி வைப்பது அவள் வேலை.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணியில் சாக்பீஸால் கோடு போடுவாள். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி வெட்டுவாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்பாள். கோடு ஏன் போட்டாள் என்று யாரும் கேட்டதில்லை.

சின்னவள் பத்து என்று எழுதினால் துணி பத்தரையாக இருக்கும். இருபது என்றால் இருபத்தொன்று. மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. தன் எண்ணை அப்படியே வாங்கிக்கொள்கிற இடம் எங்கேயாவது இருக்காதா என்றுதான் ஓர் அலுவலகத்துக்கு, கடிதம் எழுதுகிற வேலைக்கு, மனு போட்டாள். வேலை கிடைத்துவிட்டது. நோட்டிலிருந்து விழுந்தது அந்தச் சேதி வந்த கடிதம்தான். வருகிறாயா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

*

காலையில் பல் துலக்கிக்கொண்டே தம்பிக்காரன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இது என்ன, டென் டைம்ஸ் க்ளோசர்?"

"ஆபீஸ் புதுக் கட்டிடத்துக்குப் போகுதாம். பழைய கட்டிடத்தைவிட பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து மடங்கு கிட்டன்னு போட்டிருக்காங்க."

"பழைய கட்டிடம் எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?"

"ரெண்டு கிலோமீட்டர்."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாகக் கணக்குப் போட்டான். "ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு மடங்கு கிட்ட வந்தாலே பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துடுவோம். பத்து மடங்கு வந்தா, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அந்தப் பக்கம் பதினெட்டு கிலோமீட்டர் போயிடும். அவ்வளவு தூரம் தினமும் எப்படிம்மா போயிட்டு வருவே?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருநூறு மீட்டர்னு அர்த்தம்."

"அதை இருநூறு மீட்டர்னே எழுதலாமே?"

"எழுதலாம். அதுல என்ன பெருமை இருக்கு?"

அவனும் சிரித்தான். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தான். "உனக்குப் பிடிச்சிருந்தா போ. நான் தடுக்க மாட்டேன்" என்றான். பிறகு, "வேன் டயரைப் பார்த்துட்டு வரேன்" என்று போனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். டயரைப் பார்க்கப் போன் எதற்கு என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

*

இன்றைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டியது ஒரு நாடக அரங்கத்துத் திரை. கருஞ்சிவப்பு வெல்வெட், பதினைந்து அடி உயரம், நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்குகிற மாதிரி இரண்டு பாதி. மாலை ஆறரைக்கு அரங்கத்தில் முதல் நாடகம்.

பட்டறை சின்ன அறை. அதில் இந்தத் திரையை முழுசாக விரித்துப் பார்க்க இடம் கிடையாது. தைக்கத் தைக்க மடித்து மூலையில் அடுக்கினார்கள். காலையில் நாலு பேரும் சேர்ந்து ஒரு பாதியைத் தூக்கியபோது ஏணி முதுகைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் கனமாத்தான் இருக்கு" என்றார்.

"வெல்வெட்டுன்னா கனம் இருக்கத்தானே செய்யும்?" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கும் உறுத்தியது. ஆனால் வெட்டியவளுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள். அதே நேரத்தில் பெரியவள், எழுதியவளுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேன் கதவைச் சாத்துவதற்கு இரண்டு பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

வழி முழுக்கச் சின்னவள் அந்த மெயிலையே மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். அரங்கத்து நிர்வாகி எழுதியது. மேடையின் வாய் எவ்வளவு அகலமோ, துணி அதைவிட "டூ டைம்ஸ் வைடர்" இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படியென்றால் இரண்டு பங்கா, அல்லது இருக்கிற ஒரு பங்குக்கு மேல் இன்னும் இரண்டு பங்கா? முன்னதென்றால் இரண்டு, பின்னதென்றால் மூன்று. எழுதுகிறவர்கள் இரண்டு விதமாகவும் எழுதித் தொலைக்கிறார்கள்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. விளக்கம் கேட்டு எழுதினாள். "ஆமாம், நான் எழுதியபடியேதான், டூ டைம்ஸ் வைடர்" என்று பதில் வந்தது. போன் செய்து பார்த்தாள். ஒத்திகை நடக்கிற இடத்தில் போன் அடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவரே அதை மீறுவாரா? கடைசியில் ஒரு எண்ணை முடிவுசெய்து நோட்டில் எழுதினாள். அது சரியான எண் என்று இந்த ஒன்றரை மாதத்தில் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள்.

இந்த ஒரு திரை அளவாக நிற்கட்டும். அதன் பிறகு அலுவலகமோ பட்டறையோ, தலை நிமிர்ந்து முடிவுசெய்யலாம். வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

*

அரங்கத்தில் இறங்கியதும் ஏணி தன் பெயருக்கு நியாயம் செய்தார். பதினொரு மணிக்கு மேலே ஏறியவர் ஒன்றரைக்குத்தான் கடைசி வளையத்தை மாட்டினார். நடுவில் ஒரு தடவை உச்சியில் நின்றபடியே போனில் யாரிடமோ பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட பேசறீங்க, அவ்வளவு உயரத்துல?" என்றாள் பெரியவள்.

"கம்பிக் கடைக்காரர்கிட்ட."

கம்பிக் கடைக்காரரிடம் அவர் எப்போதிலிருந்து "மேடம்" போட்டுப் பேசுகிறார் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில்தான் கேட்க மாட்டார்களே.

நிர்வாகி வந்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. நாடகக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். மூடியிருந்தபோது திரை மனசை அள்ளிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது. மடிப்பு மேல் மடிப்பாக, அவ்வளவு செழிப்பு.

"பிரமாதம்! திறங்க, பார்ப்போம்" என்றார் நிர்வாகி.

தம்பிக்காரன் கயிற்றை இழுத்தான். வரவில்லை. ஏணியும் வந்து சேர்ந்து இழுத்தார். திரை முனகிக்கொண்டு மெல்ல நடுவில் பிரிந்தது, கொஞ்சம் ஒதுங்கியது, இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது, அப்புறம் நின்றுவிட்டது.

"இன்னும் திறங்க."

"அவ்வளவுதான் சார். முழுசாத் திறந்தாச்சு."

இந்தப் பக்கம் ஐந்து அடிக்குத் துணிமூட்டை. அந்தப் பக்கம் ஐந்து அடிக்குத் துணிமூட்டை. இருபது அடி மேடையில் பத்து அடிதான் வெளியே தெரிந்தது. ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தால் வெல்வெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஒரு நடிகர் எழுந்து போய் மேடையில் நின்று பார்த்தார். "இனிமே நாங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் வந்து வசனம் பேசணும்போல" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருவர் எழுந்திருக்கப் போய் முழங்காலை விளக்குத் தண்டில் இடித்துக்கொண்டார். திரைக்கு முன்னால் நிற்க வேண்டிய விளக்கு வரிசை, முதல் வரிசைக்காரர் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

சின்னவளுக்கு நோட்டில் தன் கையெழுத்தில் இருக்கிற எண் கண்முன்னால் வந்து நின்றது. ஒன்றரை மாதமாகச் சரி என்று சொல்லிக்கொண்ட எண். பட்டறையில் அவள் எழுதிய கடைசி எண்ணாகவும் அதுவே இருக்கலாம். இத்தனை நாள் தன் எண்ணை யாரும் நம்பவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாளே, இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நம்பச் சொல்வாள்?

*

"சார், நீங்க எத்தனை அடி துணி கேட்டீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"டூ டைம்ஸ் வைடர்னு எழுதியிருந்தேனே."

"அதைச் சொல்லலை சார். அடியில சொல்லுங்க. எண்ணைச் சொல்லுங்க."

நிர்வாகி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "மேடை இருபது. ரெண்டு மடங்கு நாப்பது. இதுல என்னம்மா சந்தேகம்?"

"இருபதைவிட ரெண்டு மடங்கு அதிகம்னா அறுபதுன்னும் வருமே சார். இருபது இருக்கு, அதுக்கு மேல நாப்பது."

"சேச்சே, அப்படி யார் நினைப்பாங்க?"

"நான் நினைப்பேன்" என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த நடிகர்.

"நானும்" என்றார் அடுத்தவர். "இல்லையில்லை, நாப்பதுதான்" என்றார் மூன்றாமவர். ஐந்து நிமிஷத்தில் முதல் வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நிர்வாகி தன் மெயிலைத் திறந்து படித்தார், திரும்பப் படித்தார், கண்ணாடியை நெற்றிக்கே ஏற்றிவிட்டார்.

சின்னவள் காத்திருக்கவில்லை. "யார் தப்பும் இல்லை சார், என் தப்பு. ரெண்டு விதமா அர்த்தம் வரும்னு தெரிஞ்சும், 'நாப்பதா, அறுபதா?'ன்னு எண்ணைப் போட்டுக் கேட்காம, விளக்கம் வேணும்னு மொட்டையாக் கேட்டுட்டேன். சந்தேகம் வந்ததும் பெரிய எண்ணா எழுதி வச்சுட்டேன். குறைஞ்சா ஒட்டுப் போடணும், கூடினா வெட்டிக்கலாம்னு."

சொன்னவுடன் அவளுக்கே சுருக்கென்றது. அது பெரியவள் பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை பெரியவள் சொல்கிற பேச்சு. மூன்று வருஷமாக யார் கூட்டிப் போடுகிறார்கள் என்று பொருமினாளோ, அவர்களில் ஒருத்தியாகவே தானும் ஆகியிருக்கிறாள்.

திரையின் அடியோரத்தைப் பிடித்தபடி நின்ற பெரியவள், "அறுபதுன்னா எழுதினே?" என்றாள்.

"எழுபத்திரண்டு எழுதினேன் அக்கா. மேடை இருபத்தி நாலுன்னு அளவு வந்துச்சு. அதுக்கு மேல ரெண்டு மடங்கு."

"மேடை இருபதுன்னு சார் சொல்றாரே?"

எல்லாரும் ஏணியைப் பார்த்தார்கள். ஏணி கூரையைப் பார்த்தார்.

"இருபதுதான்" என்றார் மெல்ல. "பக்கத்துக்கு ரெண்டு அடி கூட்டிச் சொன்னேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

"விளக்கு?" என்றாள் சின்னவள். பழைய விளக்குகள் துணியிலிருந்து ஓர் அடியில் இருந்தன. அதைவிட "த்ரீ டைம்ஸ் ஃபார்தர்" தள்ளச் சொல்லியிருந்தார்கள். "நான் நாலு அடின்னு எழுதினேன், மாமா."

"நீ நாலு எழுதினே. நான் அஞ்சுல வச்சேன்."

"நான் கேட்டது மூணு" என்றார் நிர்வாகி பலவீனமாக.

பெரியவள் விடவில்லை. "இருங்க, இன்னும் கணக்கு வரலை. இவ எழுதினது எழுபத்திரண்டு. இங்க தொங்கறது எண்பது. ஏன்னா, நான் எண்பது வெட்டினேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "துணி அவ்வளவு இருந்துச்சு. எண்பதுக்கும் மேலேயே இருந்துச்சு. மிச்சத்தை வச்சு என்ன பண்றதுன்னு போட்டுட்டேன்."

இப்போது எல்லாரும் தம்பிக்காரனைப் பார்த்தார்கள். அவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "ஒரே சாயத்துல மறுபடி கிடைக்காதுன்னு கடைக்காரர் சொன்னார், அண்ணி. அதான் கொஞ்சம் சேர்த்து" என்றான்.

முதலில் சிரித்தது அந்த முழங்கால் நடிகர்தான். அப்புறம் அரங்கமே சிரித்தது. நிர்வாகியும் சேர்ந்துகொண்டார். சின்னவள் மட்டும் சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் நின்றாள். குற்றம் அத்தனையும் தன் தலையில் என்று வாங்கிக்கொள்ள வந்தவளுக்கு, இந்த வீட்டில் அதில்கூட ஆளுக்கொரு பங்கு கிடைத்துவிட்டது.

*

சிரித்து முடித்தால் வேலை முடிந்துவிடுமா? மணி இரண்டு.

"நாப்பது வேணும். நம்மகிட்ட நாப்பது நாப்பதா ரெண்டு பாதி இருக்கு. ஒரு பாதியே முழுத் திரைக்குப் போதும். இறக்குங்க" என்றாள் சின்னவள்.

இறக்கிய பாதியை மேடை மேல் விரித்தார்கள். வெல்வெட் அகலம் நாலரை அடிதான் வரும் என்பதால் பட்டை பட்டையாக மூட்டித் தைத்திருந்தார்கள். சின்னவள் குனிந்து எண்ணினாள். ஒன்பது பட்டை. எட்டோ பத்தோ இருந்தால் நடுத்தையலைப் பிரித்துவிட்டால் போதும். ஒன்பது என்பதால் ஐந்தாவது பட்டையை நட்டநடுவில் வெட்டியாக வேண்டும்.

பெரியவள் கத்தரியை எடுத்தாள். ஒரு முழ நீளம் இருக்கும் அந்தக் கத்தரி. "இரு, முகம் கழுவிட்டு வரேன்" என்று எங்கேயோ போனாள். பத்து நிமிஷம் கழித்து வந்தாள். முகம் நனையவே இல்லை.

"ம், எவ்வளவு சொல்லு."

சின்னவள் டேப்பை வாங்கி மேடையின் வாயைத் தானே ஒரு முறை அளந்தாள். இருபது. மறுபடி அளந்தாள். இருபதேதான். பிறகு துணியில் இந்த ஓரத்திலிருந்து இருபது, அந்த ஓரத்திலிருந்து இருபது அளந்து, இரண்டும் சந்திக்கிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை முட்டி போட்டபடியே சாக்பீஸ் கோடு இழுத்தாள். பதினைந்து அடிக் கோடு.

பெரியவள் கோட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பழக்கதோஷம், கத்தரியின் வாய் தானாகவே இரண்டு விரல் வெளியே போயிற்று. அங்கேயே நின்றது.

இந்தப் பக்கம் இரண்டு விரல் கூட்டினால் அந்தப் பக்கம் இரண்டு விரல் குறையும். அந்தப் பக்கம் கூட்டினால் இந்தப் பக்கம் குறையும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டிப் போட இடமே இல்லாத வெட்டு.

"சரியா அளந்தியா?" என்றாள், நிமிராமல்.

"ரெண்டு தடவை அளந்தேன் அக்கா. நீங்க வேணும்னா ஒரு தடவை அளந்துக்கோங்க."

டேப் பெரியவளின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். சின்னவளைப் பார்த்தாள். டேப்பை எடுத்துத் தன் கணவரிடம் நீட்டினாள். "இதை உள்ள வைங்க" என்றாள்.

பிறகு கத்தரியைக் கோட்டுக்கே கொண்டுவந்து, கோட்டின் மேலேயே வெட்ட ஆரம்பித்தாள். வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து, பாதிச் சுண்ணாம்பு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகப் போயிற்று. பதினைந்து அடியும் ஒரு நூல் விலகவில்லை. சின்னவளுக்குச் சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

*

வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும். ஒரு விளிம்பு பெரியவளுக்கு, ஒரு விளிம்பு சின்னவளுக்கு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி போட்டார்கள். சின்னவள் தையல் கோணிக்கொண்டு போயிற்று. பெரியவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன்" என்றாள் திடீரென்று.

"தெரியும் அக்கா."

"அதுல இருந்த போன் நம்பரைத் தவிர எனக்கு ஒரு எழுத்தும் புரியலை. ஆனா நீ அதை மடிச்சு வச்ச விதம் புரிஞ்சுது. நல்ல சேதி வந்தாத்தான் நாலு மூலையும் சேர்த்து மடிப்போம்." நூலைப் பல்லால் கடித்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. உன் எண்ணுக்கு மேல நான் கூட்டறது உன்னை நம்பாம இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெட்டினேன். நாலு விரல் குறைஞ்சு போச்சு. அத்தனை பேர் முன்னாடி திரை தரையைத் தொடாம ஆடிக்கிட்டு நின்னுச்சு. அன்னிக்கு நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். அன்னிலேர்ந்து என் கையைத்தான் நான் நம்பறதில்லை. இனிமே கூட்டிப் போட மாட்டேன். நீ போறதா இருந்தா போ. நான் நம்பலைன்னு நினைச்சுக்கிட்டு மட்டும் போகாதே."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீ கேட்டிருக்கலாமே?"

அது நியாயம்தான் என்று சின்னவளுக்குப் பட்டது. அளவு நோட்டில் எண்ணை எழுதுவாளே தவிர, ஏன் கூட்டுகிறீர்கள் என்று அவளும் ஒருநாளும் கேட்டதில்லை. மெயிலில் எண்ணைப் போட்டுக் கேட்காதவள்தானே அவளும்.

நாலேகாலுக்குத் திரை மேலே ஏறியது. தம்பிக்காரன் ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்தான். அது வழுக்கிக்கொண்டு ஓடி, இரண்டு ஓரத்திலும் அடக்கமாக ஒதுங்கி நின்றது. விளக்கு வரிசையும் மூன்று அடிக்குப் பின்வாங்கியது. முழங்கால் நடிகர் மேடையில் கைகளை அகல விரித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நிர்வாகி வாயைத் திறக்கிறதுக்குள் சின்னவள் சொன்னாள்: "அடுத்த தடவை அடியில எழுதிடுங்க சார்."

"மீட்டர்ல எழுதலாமா?"

"எதுலயாவது எழுதுங்க. எண்ணா எழுதுங்க."

*

மிஞ்சிய நாற்பது அடிப் பாதியை மேடைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார்கள். மெத்தை மாதிரி உயரமாக இருந்தது. நாலு பேரும் அதன் மேலேயே ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அப்பாடா என்றிருந்தது.

"இதை என்ன பண்ணப் போறோம்?" என்றார் ஏணி.

"இதை மாட்டற அளவுக்கு இந்த உலகத்துல ஜன்னல் கிடையாது" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு எதைப் பார்த்தாலும் பிடித்திருந்தது. பெயின்ட் டப்பாக்கள், வெறும் செங்கல் சுவர், கணவனின் அழுக்குச் சட்டை எல்லாமே. அப்போதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஐந்தாகப் பத்து நிமிஷம். போனை எடுத்தாள். அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே ஒரு செய்தி வந்திருந்தது. படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தாள்.

"என்னவாம்?" என்றான் தம்பிக்காரன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "'உங்கள் பதிலை ஐந்து மணிக்குள் கேட்டிருந்தோம். இன்று உங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து, உங்களுக்கு யோசிக்க அவகாசம் வேண்டும் என்றார்கள். காலையில் பேசியவர் ஒரு வாரம் கேட்டார். மதியம் பேசியவர் ரெண்டு வாரம். ரெண்டு மணிக்குப் பேசிய அம்மா, ஒரு மாதமாவது வேணும் என்றார். எதை எடுத்துக்கொள்வது?'"

டயர் பார்க்கப் போனவன் தன் செருப்பைப் பார்த்தான். கம்பிக் கடைக்காரரிடம் பேசியவர் கூரையைப் பார்த்தார். முகம் கழுவப் போனவள் முந்தானையால் நனையாத முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக்கூட இல்லையா?" என்றாள் சின்னவள். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தாள். கண்தான் நிறைந்துவிட்டது.

அவள் போனில் பதில் எழுதினாள். ஒரே வரி. அனுப்பியும் விட்டாள்.

"என்ன எழுதினே?" பெரியவள்தான் கேட்டாள். ஆமாம், வாயைத் திறந்து கேட்டாள்.

"ஒரு நாள் கேட்டிருக்கேன் அக்கா. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. அளவா, எண்ணா."

"ஒரே ஒரு நாளா? கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கக் கூடாதா?"

"இனிமே கூட்டக் கூடாதுன்னு இப்பத்தானே அக்கா பேசினோம்?"

பெரியவள் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது துணிக்குச் சொன்னது" என்றாள்.